லைன் கிளியர் இல்லாமல் தொட்டிக்குள் இறங்காதே!



"தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் சாவு." நாளேட்டின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகிற செய்தி இது. ஊரின் பெயர் மாறும். ஆலையின் பெயர் பல நேரம் இருக்காது. செத்தவன் எந்த மாநிலத்தான் என்பது மட்டும் தவறாமல் இருக்கும். பிழைக்க வந்தவனைத்தான் அந்தக் குழிக்குள் இறக்குகிறார்கள். நாமும் பிழைக்க வந்தவர்கள். ஆகவே அந்த நான்கு வரியைத் தாண்டி அடுத்த செய்திக்குப் போக நமக்கு உரிமை கிடையாது.

2019 ஜூன் மாதம் குஜராத்தில், டபோய் பக்கத்தில் ஓர் ஓட்டலின் கழிவுநீர்த் தொட்டியில் ஏழு பேர் மாண்டார்கள். முதலில் ஒருவர் இறங்கினார். அவர் குரல் கொடுக்கவில்லை என்று கூட வந்தவர்கள் இறங்கினார்கள். அவர்களும் திரும்பவில்லை என்று ஓட்டல் ஊழியர்கள் இறங்கினார்கள். துப்புரவுத் தொழிலாளர் நால்வர், ஓட்டல் ஊழியர் மூவர். 2025 மார்ச் மாதம் இதே மும்பையில், நாக்பாடாவில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் நான்கு தொழிலாளர் மூச்சுத் திணறி மாண்டார்கள். கவனியுங்கள், அது சாக்கடை அல்ல. தண்ணீர்த் தொட்டி!

"தண்ணீர்த் தொட்டியில் என்ன விஷம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறோம். நாம் மூச்சு விடும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 சதம். 19.5 சதத்துக்குக் கீழே போனால் அந்தக் காற்று மனிதனுக்கு ஆகாது. 6 சதத்துக்குக் கீழே போனால் சில மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவான். மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் துருவே தின்றுவிடுகிறது. அழுகும் இலையும் சேறும் தின்கின்றன. வெறும் தொட்டி, கழுவிய தொட்டி, நாற்றமே இல்லாத தொட்டி. அதுவும் கொல்லும்.

நாற்றம் இருந்தால் தெரிந்துவிடுமே என்பது அடுத்த ஏமாற்று. சாக்கடையிலும், தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டியிலும், எண்ணெய்க் கிடங்குகளிலும் உண்டாகிற ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்குதான் அதற்கு எல்லை என்று சட்டத்தின் அட்டவணை வைத்தது. 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று மேஸ்திரி நினைப்பான். போனது நாற்றம் அல்ல, மூக்கின் உணர்வு! ஆயிரம் பங்கை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவான், கூப்பிடவும் நேரம் இருக்காது.

ஊரில் கிணறு தூர்வாரும்போது அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களே, அதுபோல் பார்த்தால் போதாதா? போதாது. மனிதனுக்கு ஆகாத காற்றிலும் விளக்கு எரியும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை விளக்கு சொல்லாது. மீத்தேனோ, பெட்ரோல் ஆவியோ, பெயிண்டு ஆவியோ இருந்தால் அந்த விளக்கே தொட்டியை வெடிக்க வைக்கும். பாட்டன் காலத்துக் கிணற்றுக்கு ஓரளவு உதவிய முறை ரசாயனத் தொட்டிக்கு எமன்.

ஆகையால் இறங்குமுன் கருவி கொண்டு அளக்க வேண்டும். முதலில் பிராணவாயு, அடுத்து தீப்பற்றும் வாயு, அதன்பின் நச்சு வாயு. மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். ஏனெனில் மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் படுத்திருக்கும். வாய்ப்பக்கம் மட்டும் கருவியைக் காட்டிவிட்டு "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடுவது அளவை அல்ல, கொலைக்கு உடந்தை.

இதெல்லாம் நாம் புதிதாகக் கேட்கிற சலுகையா? இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 36-வது பிரிவில் தெளிவாகச் சொன்னது: அடைபட்ட இடத்தில் வாயு அபாயம் இருக்குமானால், ஆள் வெளியேறப் போதிய அளவு வாய் இருக்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவை அகற்ற முடிந்ததெல்லாம் செய்திருக்க வேண்டும். தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு பூட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்றுகூட அச்சட்டம் எழுதிவைத்தது. "தாமே சோதித்து" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள்!

நடப்பது என்ன? "அபாய மதிப்பீடு" என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஏர்கண்டிஷன் அறையில் வருஷத்துக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. போன வருஷத்துத் தாளில் தேதி மட்டும் மாறுகிறது. அந்த ஃபைலில் தொட்டி இருக்கிறது, தொட்டிக்குள் இறங்குகிறவன் இல்லை. அவன் காண்டிராக்டரின் ஆள். காண்டிராக்டரின் கீழே சப்-காண்டிராக்டர், அவன் கீழே மேஸ்திரி, மேஸ்திரியின் கீழே நாகாவில் காலை ஆறு மணிக்கு நிற்கிற நம் பிள்ளை. மதிப்பீடு மாடியில் நடக்கிறது, சாவு கீழே நடக்கிறது. தொட்டியின் வாயருகே, இறங்குகிற அன்று, இறங்குகிற வேளையில் செய்யாத மதிப்பீடு வெறும் காகிதம். காலையில் அளந்த காற்று மதியம் அதே காற்றாக இருக்காது. சேற்றைக் கிளறினால் புதைந்திருந்த வாயு வெளிவரும். வெல்டிங் செய்தால் புகை சேரும். வேலை நடக்கிற நேரமெல்லாம் கருவி உள்ளே இருக்க வேண்டும்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி நகராது. வண்டியில் மந்திரியே உட்கார்ந்திருந்தாலும் நகராது. பெட்ரோல் ஏற்றிய டாங்க் வேகனைப் பழுதுபார்க்குமுன் நீராவியால் கழுவி, வாயு நீக்கிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. வேகனுக்கு உள்ள மரியாதை மனிதனுக்கு இல்லையா? தொட்டிக்குள் இறங்கும் அனுமதிச் சீட்டுதான் தொழிலாளியின் லைன் கிளியர். அது கையில் வராமல் அவன் கால் உள்ளே போகக் கூடாது.

சட்டம் இருந்தபோதே இந்தக் கதி. இப்போது சட்டமும் உருமாறிவிட்டது. 1984-ல் போபால் நடந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய மத்தியச் சட்டம். 20 பேர் வேண்டும் என்கிறது புதியது. காண்டிராக்ட் தொழிலாளர் பகுதி 20 பேருக்குப் பதில் 50 பேர் இருந்தால்தான் பொருந்தும் என்கிறது. இன்ஸ்பெக்டருக்கு "இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது, வசதி செய்து கொடுப்பவர். யாருக்கு வசதி? பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறையின் ஆசிட் தொட்டி, பெரிய ஆலையின் தொட்டியைவிடக் கருணை உள்ளதா?

அந்தச் சட்டத்திலும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளி அதை முதலாளிக்கும் அதே நேரத்தில் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம். கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் வாரிசுகளுக்குக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். இந்தப் பிடியை நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் நான்கு வாயுவை அளக்கும் கருவி சில பத்தாயிரம் ரூபாய்தான். முதலில் வாங்க வேண்டியது எது என்பதை முதலாளிகள் அறியாதவர்களா?

இனி ஒரு கசப்பான பேச்சு. காண்டிராக்டர் சேட்டாகவோ பஞ்சாபியாகவோ இருந்தால் நமக்குக் கோபம் சுலபமாக வருகிறது. அவரே திருநெல்வேலிக்காரராகவோ சேலத்துக்காரராகவோ இருந்தால் "நம்ம அண்ணாச்சி" என்று வாய் அடைத்துப்போகிறது. பொங்கல் விழாவுக்கு நன்கொடை தருகிறார், கோயிலுக்கு மணி வாங்கித் தந்தார் என்கிறார்கள். தரட்டும்! கயிறும் கருவியும் இல்லாமல் ஆளை இறக்குகிறவர் எந்த ஊராராக இருந்தாலும் சங்கம் அவரிடம் கணக்குக் கேட்கும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நடந்தது தமிழ் மண்ணில். அங்கே அவர்கள் அந்நியர், இங்கே நாம் அந்நியர். தொட்டி இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. வங்காளத் தோழனுக்கும் பீகார் தோழனுக்கும் சேர்த்தே நம் கோரிக்கை.

இன்னொன்று. உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற ஓடுவது நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் அடைபட்ட இடங்களில் மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. டபோயில் நாம் கண்டதும் அதுவே. சுவாசக் கருவி இல்லாமல் அவன் பின்னே குதிப்பது வீரமாகாது, குடும்பம் இரண்டு அனாதையாகும். வெளியே நின்று கயிற்றால் இழு, கூச்சல் போடு, தீயணைப்புப் படையைக் கூப்பிடு. ஆக்ஸிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடாதே, ஒரு பொறி பட்டால் தீக்குழியாகும். காற்று ஊதும் விசிறிதான் வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. வாயருகே அளந்து, அளந்தவர் பெயரும் நேரமும் எழுதிய சீட்டு. அதைத் தொழிலாளி படித்துப் பார்க்க வேண்டும், அவர் அறிந்த மொழியில்.

2. தொட்டிக்கு வரும் குழாய்கள் அடைக்கப்பட்டு, கலக்கும் யந்திரத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பூட்டின் சாவி இறங்குகிறவரிடமே இருக்க வேண்டும்.

3. வெளியே ஓர் ஆள், வேறு வேலை இல்லாமல், கயிற்றுடன்.

4. இறங்குமுன் வருகைப் பதிவேட்டில் பெயர். செத்த பிறகு "இவன் எங்கள் ஆளே இல்லை" என்ற பேச்சு இனி எடுபடாது.

5. ஆள் இறங்காமலே யந்திரத்தால் செய்யக்கூடிய வேலைக்கு ஆளை இறக்காதே.

தாய்மார்களே, சகோதரிகளே! வேலைக்குப் புறப்படும் கணவனிடம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இன்றைக்குத் தொட்டி வேலையா? சீட்டு கொடுத்தார்களா?" கொடுக்கவில்லை என்றால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். மறுத்தால் வேலை போய்விடும் என்று அவர் தனியாக அஞ்சலாம். ஒருவர் மறுத்தால் வேலை போகும். கூட்டமாக நின்று நாற்பது பேர் மறுத்தால் சீட்டு வரும்!

சீட்டு இல்லையேல் இறக்கம் இல்லை!