காவல் முதலில், விற்பனை பிறகு

அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு மாற்றும் நாடுகள், பங்குகளை முதலில் விற்றுவிட்டு ஒழுங்குமுறைச் சட்டங்களைப் பிறகு இயற்றிக்கொள்ளலாம் என்ற வாதத்தை எங்கள் சிறு பங்குதாரர் சங்கம் ஏற்கவில்லை. செக் மக்கள் இந்த வாதத்தை நம்பி ஏமாந்தவர்கள்.

அங்கே 1992-இல் கூப்பன் தனியார்மயம் நடந்தது. வயது வந்தவர்கள் 1,035 கொருனா கட்டினால் ஒரு கூப்பன் புத்தகம் கிடைக்கும். அதிலிருந்த 1,000 புள்ளிகளைக் கொடுத்து நிறுவனப் பங்குகளைப் பெறலாம். எந்த ஆலை தேறும் என்று சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலோர் புள்ளிகளை முதலீட்டு நிதியங்களிடம் ஒப்படைத்தார்கள். போட்ட பணம் பத்து மடங்காகும் என்று விளம்பரம் செய்த ஒரு நிதியம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலே அதன் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததைத்தான் நாங்கள் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆலையைக் கையில் வைத்திருந்தவர்கள் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தங்கள் சொந்தக் கம்பெனிக்கே விற்றார்கள். அந்தக் கம்பெனி அதைச் சந்தை விலைக்கு விற்று லாபம் பார்த்தது. ஆலையின் கணக்கில் நஷ்டம், பங்குதாரருக்கு ஒன்றுமில்லை. உறிஞ்சுவதிலேயே வருமானம் வரும்போது, பழைய இயந்திரத்தை மாற்ற யார் மெனக்கெடுவார்கள்? பெரிய நிதியங்கள் பலவற்றை நடத்தியவை அரசின் பிடியிலிருந்த வங்கிகள். தங்கள் நிதியம் பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்கே அவை கடனும் கொடுத்தன. வாராக்கடன் கடைசியில் வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது.

செக் தலைநகர் பிராகாவில் பங்கு வர்த்தகம் 1993-இல் தொடங்கியது. தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்ததோ 1998-இல். போலந்து 1991-இலேயே சட்டம், ஆணையம், பங்குச் சந்தை மூன்றையும் ஒன்றாகத் தொடங்கியது. வார்சாவில் முதல் நாள் வர்த்தகமானவை ஐந்தே நிறுவனங்கள். தனியார்மயத்தில் போலந்து மெதுவாகத்தான் நகர்ந்தது. அந்தத் தாமதத்தை நாங்கள் குறையாகக் கருதவில்லை. அதன் சந்தை முதலீட்டாளரின் நம்பிக்கையைப் பெற்றது.

இன்று உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகள் அரசு நிறுவனப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முனைகின்றன. நிர்வாகிகள் தங்கள் சொந்தக் கம்பெனியோடு செய்யும் வியாபாரத்துக்கு, அதில் ஆதாயமில்லாத பங்குதாரர்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள். கடன் கொடுக்கும் வங்கியே நிதியத்தையும் நடத்த அனுமதிக்காதீர்கள். தண்டிக்கும் அதிகாரமுள்ள, அமைச்சகத்துக்குக் கட்டுப்படாத ஆணையம் பணியைத் தொடங்கும்வரை ஒரு பங்கைக்கூட மக்களிடம் விற்க வேண்டாம் என்று அந்த அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம்.