பொமரேனியன் யாருடைய நாய்?

இலக்கிய நண்பர்களுடன் கொல்லிமலைக்குப் போவதில் ஒரு தொல்லை உண்டு. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சங்க இலக்கியம் பேசியபடியேதான் ஏற வேண்டும். வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்து உயிர்களைத் துளைத்த செய்தி இருபதாவது வளைவுக்குள் வந்துவிடும், கொல்லிப்பாவை ஐம்பதாவதில். அண்மையில் அப்படி ஏறிச் செம்மேட்டில் தேநீருக்காக இறங்கியபோது, ஒரு கடை வாசலில் வெள்ளைச் சடையுடன் பொமரேனியன் ஒன்று கட்டப்பட்டிருந்தது. எங்களைக் கண்டு விடாமல் குரைத்தது. "ஓரியின் மலையில் இதற்கென்ன வேலை? பட்டணத்து மாடிவீட்டில் மடியில் கிடக்க வேண்டிய வெள்ளைக்காரன் நாய்" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் எழுத்தில் பொமரேனியன் ஒரு நாயாக வருவது அரிது, குறியீடாகத்தான் வரும். சோபா, வெளிநாட்டு சென்ட், ஆங்கிலம் கலந்த பேச்சு என்று ஒரு பாத்திரத்தின் போலித்தனத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் எழுத்தாளர் கூடவே ஒரு சடைநாயையும் அவிழ்த்துவிடுகிறார். எதிர்முனையில் ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் வீரத்தின், மண்ணின் படிமங்களாக நிற்கின்றன. 2005இல் ராஜபாளையம் தபால்தலையிலேயே ஏறியது. 2020இல் பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய இன நாய்களை வளர்க்கச் சொன்னபின் இந்தப் பெருமிதம் ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. ராஜபாளையத்தின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் ஒரு நாயை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்தும் இந்த 'மண்ணின் மைந்தர்' வாதம் வரலாற்றையும் அறியவில்லை, நாயையும் அறியவில்லை.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில், இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்குமாகப் பிரிந்து கிடக்கும் நிலப்பகுதி. அப்பகுதியின் ஸ்பிட்ஸ் வகை நாய்கள் பண்ணைக் காவலுக்கு இருந்தவை. மடியில் வளர்ந்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் சார்லட் அரசியுடன் இங்கிலாந்தில் பிரபலமானவைகூடக் கணிசமான உருவம் உடையவைதான். விக்டோரியா அரசி 1888இல் ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு சிறிய நாயைக் கொண்டுவந்த பிறகே, சிறுத்தால்தான் அழகு என்ற மோகம் பிடித்தது. இன்று நாய்க் கண்காட்சிகளில் நிறுத்தப்படும் அசல் பொமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. நம் தெருக்களில் நாம் அப்பெயரால் அழைப்பது பெரும்பாலும் அதுவே அல்ல. ஐந்து முதல் ஏழு கிலோ வரையிலான சிறுவகை, அதைவிட இருமடங்கும் அதற்கு மேலும் எடையுள்ள பெருவகை என இரண்டு உருவங்களில் இங்கே பெருகிய அந்த நாய்க்கு இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் வந்த முன்னோர்களிடமிருந்து, நம் வெயிலையும் நம் சோற்றையும் தாங்கித் தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஈன்று பெருகிய இனம். 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கதையின் முடிச்சையே அவிழ்த்த டஃபியும் இந்த இனந்தான். செம்மேட்டில் நாங்கள் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பத்துக் கிலோவுக்குக் குறையாது. (அதன் பெயர் மணி. இதைவிடத் தமிழ்நாட்டு நாயாக எப்படி இருப்பது?)

சரி, வந்தேறி என்றே வைத்துக்கொள்வோம். கொல்லிமலையில் எது வந்தேறி இல்லை? அன்னாசி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மரவள்ளியும் அங்கிருந்துதான். காப்பி ஆப்பிரிக்காவிலிருந்து. மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து. அம்மலையின் மக்களான மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறது. மரவள்ளி பரவியபோது சாமையும் தினையும் கேழ்வரகும் பின்வாங்கின என்பது உண்மை. அதற்காக வருந்த நியாயம் உண்டு. அங்கே ஒன்று இன்னொன்றின் நிலத்தை எடுத்துக்கொண்டது. பொமரேனியன் யாருடைய இடத்தை எடுத்துக்கொண்டது?

ராஜபாளையத்தின் இடத்தை என்பார்கள். இல்லை. நம் வேட்டை நாய்கள் பாளையக்காரர்களாலும் ஜமீன்களாலும் வளர்க்கப்பட்டவை. ஜமீன்கள் ஒழிந்தன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் குற்றமாயிற்று. வேலையும் புரவலரும் ஒருசேரப் போன பிறகு இனம் அருகியது. அதன் பின்னும் தூய வெள்ளை வேண்டும், இளஞ்சிவப்பு மூக்கு வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் காது கேளாத குட்டிகளைப் பிறக்கவைத்தது யார்? சடைநாயா? ஓட்டத்துக்கென்றே பிறந்த அந்த நாயை இரண்டு படுக்கையறைக் குடியிருப்பின் பால்கனியில் பூட்டிவைப்பதுதான் மண்பற்று என்றால், அந்த மண்பற்றை அந்த நாயே ஒப்புக்கொள்ளாது. பனிநாட்டு ஹஸ்கியைச் சென்னையில் வளர்க்காதே என்பவர் நாயின் உடலைப் பற்றிப் பேசுகிறார், அவரோடு உடன்படுகிறேன். 'நம் மண்ணின் நாய் அல்ல' என்பவர் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

இனி எதிரணிக்கு வருகிறேன். பொமரேனியன் பிரியர்களும் அதை அந்நியம் என்றே நம்புகிறார்கள், அன்போடு. "இது குளிர்ப் பிரதேசத்து நாய், மலைக்குக் கொண்டுபோனால் சுகமாக இருக்கும்" என்பார்கள். கொல்லிமலை மேட்டுநிலம் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம். காற்று இதமானது, அவ்வளவே, நாய்க்கு மருந்தல்ல. வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்த நாயை, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். இறங்கும்போது துள்ளும், ஏறும்போது நாக்குத் தொங்கும். முழங்கால் சில்லு நழுவுவது இச்சிறு இனங்களுக்குப் பொதுவான கோளாறு என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பவர்களுக்கு, இந்நாய்களின் மூச்சுக்குழல் எளிதில் நசுங்கக்கூடியது, மார்போடு அணியும் வார்தான் ஏற்றது என்பதும் தெரிவதில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்தச் சடைக்குள் உண்ணிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று காதுமடலையும் விரலிடுக்கையும் விலக்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்? உண்ணி கடத்தும் காய்ச்சல் நாயின் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துக் கொல்லவும் கூடியது.

கோடை வந்தால் அதே அன்பு கத்தரியை எடுக்கிறது. பாவம், வேர்க்கிறது என்று தோல் தெரிய மழித்துவிடுகிறார்கள். நாய்க்கு உடல் முழுதும் வேர்க்காது. பாதங்களில் சிறிது, மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மேலே நீண்ட மயிரும் கீழே பஞ்சு போன்ற அடிமயிருமாக இரண்டு அடுக்கு அதற்கு. குளிரை மட்டுமல்ல, வெயிலையும் அதுவே தடுக்கிறது. மழித்தால் தோல் சுடும்; சில நாய்களுக்குச் சடை பழையபடி வளர்வதே இல்லை. வேண்டியது வாரத்தில் மூன்று நான்கு நாள் அடிமயிர் வரை சீவிவிடுதல், நிழல், தண்ணீர்.

உணவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கோபம் வரும். தயிர்ச்சோறும் பாலில் நனைத்த பிஸ்கட்டும் தின்றே வளரும் நாய்க்கு ஐந்தாறு வயதிலேயே வாய் நாறும், பல் ஆடும். சிறு நாய்களுக்குப் பல்நோய் விரைவில் வரும். நம் வீட்டில் கறியோ மீனோ இல்லை என்பதற்காக நாயும் விரதம் இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. பாசத்தின் பேரால் ஊட்டப்படுபவை பெரும்பாலும் இவைதாம். பெண்நாயாக இருந்து கருத்தடை செய்யாமல் விட்டால் நடுவயதுக்குப் பிறகு கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெறிநாய்த் தடுப்பூசி தேவையில்லை என்று எண்ணுகிறவர்களைப் படித்தவர்களிடையேதான் அதிகம் காண்கிறேன். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இலேயே தொடங்கப்பட்ட மாநிலம் இது.

ஓரியின் மலைக்குத் திரும்பத் திரும்பச் சென்று எழுதும் நம் நண்பர்கள் எழுத வேறு விஷயம் இருக்கிறது. சடைநாயோ பன்றி விரட்டும் காட்டுக்காவல் நாயோ, எலும்பு முறிந்து எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டால் நம்பிப் போகக்கூடிய இடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. மலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரம். நாயை ஏற்றிக்கொள்ளும் வண்டி தேட வேண்டும், ஒருநாள் கூலி போக வேண்டும், 70 வளைவுகளும் இறங்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது எல்லா வசதிகளோடும் ஒரு கால்நடை மருத்துவ வண்டி செம்மேட்டுச் சந்தைக்கு வர வேண்டும் என்று யாராவது எழுதினால் அதன் கீழே முதல் கையெழுத்து என்னுடையது.