வைத்தியசாலையில் யார் பெரியவர்?

வீட்டில் ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நம்மவர்களுக்கு அலாதியான பணிவு வந்துவிடுகிறது. காலையில் டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது உறவினர் அனைவரும் எழுந்து நிற்கிறார்கள். அவர் சொல்லும் இரண்டொரு வார்த்தைகளை வேதவாக்காக ஏற்றுக் கொள்கிறார்கள். பிறகு, இரவெல்லாம் கண் விழித்து நாடி பார்த்தும் மருந்து கொடுத்தும் நோயாளியைக் காத்த நர்ஸ் வருகிறார். அவரிடம் நாம் கேட்கும் கேள்வி என்ன? "ஸிஸ்டர், டாக்டர் மறுபடி எப்போது வருவார்?" என்பதுதான்!

மரியாதையை இப்படித் தராசு பிடித்து நிறுத்துக் கொடுக்கும் நாம், டாக்டர், நர்ஸ், வைத்திய உதவியாளர் என்ற மூவருக்குள்ளும் மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டால் மட்டும் ஆச்சரியப்படுகிறோம். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையில் துணைபுரியும் இந்த உதவியாளரை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவருடைய தொழில் பிறந்ததே ஒரு பிணக்கிலிருந்துதான்.

அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்திலுள்ள டியூக் சர்வகலாசாலையில் யூஜீன் ஸ்டெட் என்ற பெயர்பெற்ற வைத்தியப் பேராசிரியர் இருந்தார். டாக்டர்கள் போதாத குறையைத் தீர்க்க, அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு மேலும் வைத்தியப் பயிற்சி அளிக்கலாம் என்று 1950-களின் பிற்பகுதியில் அவர் எண்ணினார். தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸ் ஆசிரியையுடன் சேர்ந்து அதற்கான படிப்பையும் ஆரம்பித்தார். ஆனால் நர்ஸுகளின் கல்வியை அங்கீகரிக்கும் தேசீய சங்கம் அதற்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. டாக்டரின் வேலையை நர்ஸின் தலையில் வைப்பது முறையன்று என்பது சங்கத்தாரின் கருத்து. அதில் நியாயம் இல்லாமலில்லை. தங்கள் தொழில் இன்னொரு தொழிலின் வால் அல்ல, தனக்கென்று ஒரு தர்மம் உடையது என்று நிலைநாட்டவே அவர்கள் நெடுங்காலம் போராடியிருந்தார்கள்.

ஸ்டெட் வேறு வழி தேடினார். கடற்படையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்து பழகி, வேலையிலிருந்து விடுபட்டு வந்த நால்வரை 1965-இல் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷப் பயிற்சி தொடங்கினார். 1967-இல் மூவர் தேறி வெளிவந்தார்கள். வைத்திய உதவியாளர் என்ற தொழில் இவ்வாறு உதயமாயிற்று. அதே 1965-இல் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்ற நர்ஸும், ஹென்றி ஸில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து, நர்ஸுகளே நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை செய்வதற்கான தனிப் பயிற்சியைத் துவக்கினார்கள். ஒரே குறையைத் தீர்க்க ஒரே வருஷத்தில் இரண்டு பாதைகள்! இன்றுவரை அவை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. சில சமயம் உரசிக்கொள்ளவும் செய்கின்றன.

இந்தியாவுக்கு இத்தொழில் 1992-இல் வந்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இருதய ரண வைத்திய நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இதற்கான பயிற்சியைத் தொடங்கினார். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் நமது பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் இத்தொழிலுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இனிப் பெயர்ச் சண்டையைப் பாருங்கள். 'உதவியாளர்' என்ற சொல் தங்களைத் தாழ்த்துகிறதென்று கருதி, அமெரிக்காவில் இத்தொழிலாளரின் சங்கம் 2021-இல் 'வைத்திய இணையர்' என்ற பொருள்படும் பெயரை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்திலோ நேர் எதிர். அங்கே ஏற்கெனவே 'இணையர்' என்றே அழைத்துவந்தார்கள். தம்மைப் பார்ப்பவர் டாக்டர்தான் என்று நோயாளிகள் தவறாக எண்ணிவிடுகிறார்கள் என டாக்டர்கள் பலமாக ஆட்சேபித்தனர். சர்க்கார் நியமித்த பேராசிரியை ஜிலியன் லெங் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, பெயரை மறுபடியும் 'உதவியாளர்' என்றே மாற்றும்படி சிபாரிசு செய்தது. ஒரு கரையில் ஏற்றிய பட்டத்தை மறு கரையில் இறக்கச் சொல்கிறார்கள்!

டாக்டர்களின் ஆட்சேபத்தை வெறும் கர்வம் என்று நாம் தள்ளிவிடவில்லை. பல வருஷம் படித்து, இறுதிப் பொறுப்பைச் சுமப்பவர் அவர். தம் உடம்பில் கை வைப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கும் உரிமை உண்டு. ஆனால் பெயர்ப் பலகையைத் திருத்திவிட்டால் மட்டும் மரியாதை பிறந்துவிடுமா? பிறக்காது என்பதற்கும், அது எவ்வாறு பிறக்கும் என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு.

அபாய நிலையிலுள்ள நோயாளிகளுக்குப் பெரிய ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். அதன் வழியே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் பீட்டர் ப்ரொனொவோஸ்ட் 2001-இல் இதற்கு ஐந்து விதிகளை ஒரு காகிதத்தில் எழுதினார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், அவர் உடல் முழுவதையும் தூய துணியால் மூடுதல், டாக்டர் முகமூடியும் கையுறையும் அணிதல், குழாய் நுழைந்த இடத்தில் கட்டுப் போடுதல் ஆகிய இவ்வளவுதான். எந்த டாக்டருக்குத் தெரியாது இது? ஆயினும் நர்ஸுகளை ஒரு மாதம் கவனித்துக் குறிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகள் விஷயத்தில் டாக்டர்கள் ஒரு விதியையாவது விட்டுவிட்டது தெரிந்தது.

அந்த நர்ஸுகள் இதற்கு முன்பும் தவறுகளைக் கண்டிருக்க மாட்டார்களா? கண்டிருப்பார்கள். ஆனால் டாக்டரைத் தடுத்துச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஆஸ்பத்திரி நிர்வாகம் இப்போது அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. டாக்டர் ஒரு விதியை விட்டால் நர்ஸ், "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். மேலிடத்தார் நர்ஸின் பக்கமே நிற்பார்கள். பின்னர் மிச்சிகன் ராஜ்யத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொண்டன. 2006-இல் வெளியான முடிவின்படி, குழாய் பொருத்தியிருந்த 1,000 நாட்களுக்கு நடுத்தரமாக 2.7 என்றிருந்த தொற்று, மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. கையைக் கழுவியதும், வாயைத் திறக்க அனுமதித்ததுந்தான் முக்கியமான மாறுதல்கள்.

"பெரியவர் இருக்கும்போது சிறியவர் வாய் திறக்கலாகாது" என்பது நம் தேசத்தில் ஊறிப்போன பாடம். அந்நிய ஆட்சி 1947-இல் தொலைந்தும் இந்தப் பாடம் நம் ஆபீஸுகளையும் ஆஸ்பத்திரிகளையும் விட்டுத் தொலையவில்லை. பள்ளிக்கூடத்தையும் நாம் விலக்கிச் சொல்லவில்லை. கரும்பலகையில் நாம் போட்ட கணக்கில் பிழை இருக்கிறதென்று பின் பெஞ்சுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்து சொன்னபோது, நமக்கு முதலில் வந்தது கோபந்தான். பிழை இருந்தது. நம் பிழையால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்ல முடியாது.

ஆகையால், டாக்டர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே: தங்களைத் தடுத்துச் சொல்லும் குரலுக்கு நன்றி சொல்லப் பழகுங்கள். நர்ஸுகளும் உதவியாளர்களும் தங்கள் எல்லையை அறிந்து, அதற்குள் அஞ்சாமல் பேசவேண்டும். நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, வருகிறவர் எவராயினும், "தங்கள் பெயர் என்ன? தங்கள் பொறுப்பு என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். டாக்டருக்காக எழுந்து நிற்பது போலவே, இரவு முழுவதும் விழித்திருந்த நர்ஸுக்காகவும் ஒரு முறை எழுந்து நில்லுங்கள்.