காணாமற்போன ஆடா, துரத்தப்பட்ட ஆடா?

தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு மறையுரை தவறாமல் ஒலிக்கும். ஊதாரி மகன் வீடு திரும்பிய கதை. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் கதை. முடிவில், ஆலயத்திற்கு வராமல் நின்றுவிட்டவர்களுக்கு ஓர் அழைப்பு: "மனிதரைப் பார்க்காதீர்கள், ஆண்டவரைப் பார்த்து வாருங்கள்." இனிமையான அழைப்புத்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அன்று ஆலயத்தில் இல்லை. இருக்கும் நாமோ, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். அந்த நிம்மதி நமக்கு உரியதா?

விலகியோர் எல்லாரும் ஒரே காரணத்தால் விலகவில்லை. சோம்பலால் நின்றவர் உண்டு; பிழைப்புத் தேடிப் பெருநகர் சென்று பழக்கம் அறுந்தவர் உண்டு. அவர்களை இங்கே விடுவோம். இறைமக்களாலேயே, அதுவும் ஆலய வாசலிலேயே, காயப்பட்டு வெளியேறியவரைப் பற்றியே நாம் பேசுகிறோம். எசேக்கியேல் தம் நூலின் 34ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலின் ஆயர்களைக் கண்டிக்கும்போது, காணாமற்போன ஆட்டையும் துரத்தப்பட்ட ஆட்டையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். (மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது, எபிரேய மூலத்தில் தெளிவாகவே இருக்கிறது.) அதே அதிகாரத்தில், கொழுத்த ஆடுகள் மெலிந்தவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளி, கொம்பால் முட்டிச் சிதறடிப்பதையும் சொல்கிறார். ஆகவே குற்றம் ஆயர்களோடு நின்றுவிடவில்லை, மந்தைக்குள்ளும் இருக்கிறது. துரத்தப்பட்ட ஆட்டைக் காணாமற்போன ஆடு என்று பெயர் மாற்றி அழைப்பதே நம் முதல் பொய்.

நாம் அறிந்த ஒரு பங்கு. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் மற்றப் பங்குகள் தப்பித்துக்கொள்ளும். அங்கே ஒரு தலித் ஆசிரியர் இறந்தார். மறைக்கல்வி வகுப்பில் அவரிடம் செபம் கற்காத பிள்ளை அவ்வூரின் எந்தத் தெருவிலும் இல்லை. ஆயினும் அவரது உடல் கிடந்த தூம்பா பெரிய தெரு வழியாக ஆலயத்திற்கு வரக்கூடாது என்று சிலர் தெருமுனையில் நின்றார்கள். "இது வழக்கம்" என்றார்கள். பங்குத்தந்தை ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். பிறகு, அசம்பாவிதம் வேண்டாம் என்று வாய்க்கால் கரை வழியாக வரச் சொன்னார். சித்திரை வெயிலில் தூம்பா திரும்பியது. பங்குப்பேரவையில் இருந்த நாமும் அங்கேதான் நின்றோம். நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய மகன் அதன்பின் பதினொரு ஆண்டுகள் ஆலயத்துள் கால் வைக்கவில்லை.

இது ஏதோ ஓர் ஊரின் தற்செயலான தவறு என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் கத்தோலிக்கரே. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மோதிய இரு தரப்பாரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உரோமைக்கு வந்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. ஏட்டில் நமக்குக் குறையில்லை. தெருமுனைதான் மாறவில்லை.

இதற்கிடையில்தான், "மனிதரைப் பார்க்காதே" என்கிறோம். இந்த அறிவுரை பக்தியாகத் தோன்றினாலும் நம் விசுவாசத்திற்குப் பொருந்துவதன்று. தமஸ்கு சாலையில் சவுல் கேட்ட குரல், என் சீடரை ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்கவில்லை. என்னை ஏன் துன்புறுத்துகிறாய் என்றே கேட்டது. கொரிந்து நகரில் வசதியுள்ளோர் உண்டு குடித்திருக்க, ஏழைகள் பசித்திருந்தபோது, அங்கே நடப்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுலடியார் எழுதினார். ஆண்டவரை மட்டும் பார்த்து மனிதரைப் பார்க்காதிருக்க, நற்கருணை தனித்தனியே வாங்கிச் செல்லும் மருந்துப் பொட்டலமா? அடுத்தவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத்தானே பந்திக்குப் போகிறோம்!

"மன்னிப்பது கிறிஸ்தவனின் கடமையல்லவா?" என்று சிலர் கேட்பர். கடமைதான், எழுபது தடவை ஏழு முறை. ஆனால் மன்னிக்கும் கடமையைக் காயப்பட்டவருக்கு நினைவூட்டும் தகுதி, காயப்படுத்தியவருக்கு எங்கிருந்து வந்தது? காணிக்கையோடு பீடத்தண்டை நிற்பவனிடம் ஆண்டவர் சொன்னதைக் கவனிப்போம். சகோதரன்மேல் உனக்கு மனத்தாங்கல் உண்டா என்பதல்ல அங்கே கேள்வி. உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டா என்பதே. அப்படி இருந்தால், காணிக்கையை விட்டுவிட்டுப் புறப்பட வேண்டியவன் பீடத்தண்டை நிற்பவன். கோவிலுக்குள் இருக்கும் நாம்தாம் நடக்க வேண்டும். நல்ல ஒப்புரவுக்கு வேண்டியவை ஐந்து என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோமே, அதில் ஐந்தாவது பரிகாரம். பத்து ரூபாய் திருடிய சிறுவனிடம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் நாம், ஒரு குடும்பத்தின் மானத்தைத் தெருவில் பறித்த பங்குக்கு என்ன பரிகாரம் விதித்திருக்கிறோம்? சக்கேயு நான்கு மடங்கு என்றான். நாம் "போகட்டும், மறந்துவிடுங்கள்" என்கிறோம்.

பொதுவில் செய்த தீங்குக்குத் தனிமையில் வருத்தம் தெரிவிப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் ஊரார் முன் அடித்துச் சிறையிட்ட அதிகாரிகள், மறுநாள் அவர்களைச் சத்தமின்றி அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் இசையவில்லை, அவர்களே வந்து நம்மை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். அதை ஆணவம் என்று நம்மில் எவரும் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அதையே ஒரு தலித் குடும்பம் கேட்டால் "மனம் இளகவில்லை" என்கிறோம். 2000 மார்ச் 12 அன்று தூய பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் இழைத்த குற்றங்களுக்காகத் திருத்தந்தையே உலகறிய மன்னிப்பு வேண்டினார். உரோமையில் முடிந்தது ஒன்றியத் தலைநகருக்கு அப்பால் உள்ள நம் பங்கில் முடியாதாம்.

இன்னொன்று. காயப்பட்டவர்களில் சிலர் வேறு சபைகளின் செபக்கூடங்களுக்குப் போகிறார்கள். உடனே "ஆட்டுத் திருட்டு" என்று கூச்சலிடுகிறோம். பட்டியின் படலைத் திறந்து வெளியே விரட்டியவர் யார் என்ற விசாரணை மட்டும் நடப்பதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவர் என்பதற்காகப் பட்டியல் இனச் சலுகையை இழந்தவர்கள் இம்மக்கள். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டும் நம்மோடு இருந்தவர்கள், நம் தெருவின் அவமானத்தைத் தாங்க முடியாமல் போனார்கள்.

விலகி நிற்கும் சகோதரரே, உமக்கும் ஒரு சொல் சொல்லத் துணிகிறோம். சொல்லும் உரிமை நமக்குக் குறைவு என்று அறிந்தே சொல்கிறோம். இத்திருச்சபை தெருமுனையில் நின்றவர்களின் சொத்தன்று. திருமுழுக்கால் மாண்பில் அனைவரும் சமம் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 208ஆம் எண். திருச்சபையின் நலன் பற்றிய தம் கருத்தை ஆயர்களுக்குத் தெரிவிப்பது பொதுநிலையினரின் உரிமை மட்டுமன்று, சில வேளைகளில் கடமையுமாகும் என்கிறது 212. இரண்டாம் வத்திக்கான் சங்கமும், திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 37ஆம் எண்ணில், இதைத்தான் கூறியது. நீர் திரும்பினால், தலை குனிந்த ஊதாரி மகனாகத் திரும்ப வேண்டாம். நீர் எதையும் ஊதாரித்தனமாய் அழிக்கவில்லை. உம் கேள்வியோடு வாரும். உம் கோபத்தையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டாம். அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு உண்பதிலிருந்து பேதுரு ஒதுங்கியபோது, பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றார். ஆனால் பந்தியைவிட்டு எழுந்து போகவில்லை. போகாததால்தான் அந்தப் பந்தி நம்வரை வந்தது.

கடந்த கல்லறைத் திருநாளன்று அந்த ஆசிரியரின் மகன் தம் தந்தையின் கல்லறைக்கு மெழுகுதிரியோடு வந்திருந்தார். பேரவையைச் சேர்ந்த நாம் சிலர் அருகே சென்றோம். "தம்பி, நடந்ததெல்லாம் போகட்டும். மன்னித்துக் கோவிலுக்கு வாருங்கள்" என்றோம். அவர் திரியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றிவிட்டுச் சொன்னார்: "மன்னித்துப் பல வருடம் ஆகிவிட்டது, ஐயா. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்மாவின் தூம்பா பெரிய தெரு வழியாக வருமா? அதைச் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறே வருகிறேன்."

அதன்பின் பங்குப்பேரவை நான்கு முறை கூடியது. தேர்ப் பவனிக்கான வரி, ஒலிபெருக்கி, ஆலயத்திற்கு வண்ணம் பூசுதல் ஆகியவை பற்றித் தீர்மானங்கள் நிறைவேறின. பெரிய தெரு எல்லாருக்கும் உரிய வழி என்று எழுத ஒரே ஒரு வரி போதும். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.