பிள்ளைக்கு ஊசி போடுவது மாட்டுக்கு லாடம் அடிப்பது அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். இரண்டு நாள் ஆறப்போட்டும் ஆறவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 7 வயது. கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகி ராத்திரியெல்லாம் அழுதான். பக்கத்து டவுனில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். நாற்காலியில் உட்காரும்வரை அவன் சமர்த்தாகத்தான் இருந்தான். ஏறி இறங்கும் நாற்காலி அவனுக்குப் பிடித்துக்கூடப் போனது. டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் மருந்தை உறிஞ்சிய சிரிஞ்சை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். பையன் வாயை இறுக்க மூடிக்கொண்டான். உடனே உத்தரவு வந்தது: "அப்பா காலைப் பிடிங்க, அம்மா கையைப் பிடிங்க, சிஸ்டர் தலையை." நான்கு பெரியவர்கள் ஒரு சின்னப் பிள்ளையின் மேல். ஊசி ஏறி முடிய பத்து விநாடி ஆகியிருக்குமா? டிரவுசர் நனைந்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் டாக்டர், எங்களைப் பார்த்து.

சிகிச்சை முடியவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அதன்பிறகு அவன் வாயைத் திறக்கவே இல்லை. பாதியில் எழுந்து வந்தோம். இப்போது பல் துலக்க பிரஷ்ஷைக் கொண்டுபோனால் அழுகிறான். தூங்கும்போது வாயின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஆறுதல் சொல்வார்கள் என்று பார்த்தால், பெரியப்பா முறை ஒருவர் போடுகிறார்: "அடியாத மாடு படியாது. இன்னொரு தடவை நல்லா அமுக்கிப் புடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது." கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டைவிரல்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்தது நினைவிருக்கும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள் நான். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று பொய் சொன்னவள் நான். வரிசையில் முதலில் நின்றவன் அலறினான். நாற்பதாவதாக நின்றவள் முப்பத்தொன்பது அழுகையைக் கேட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு ஊசி வலித்ததைவிடக் காத்திருந்தது வலித்திருக்கும். அது எனக்கு அன்று உறைக்கவில்லை. பேசினால் "ஊசிக்கார டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று ஒன்றாம் வகுப்பை அடக்கியதும் உண்டு. அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்லுக்குப் போடும் ஊசி ஏன் வலிக்கிறது? முனை குத்துவதால் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். என் மாணவி ஒருத்தி பல் மருத்துவர். அவளிடம் ஒரு மணி நேரம் போனில் பாடம் கேட்டேன் (மார்க் போடும் இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள்). குத்துவது ஒரு பங்குதான். மருந்தை வேகமாக ஏற்றும்போது தசைக்குள் இடமில்லாமல் அழுத்தம் உண்டாகிறது. பெரிய வலி அங்கேதான். மேலண்ணத்தில் சதை எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் அங்கே போட்டால் பெரியவர்களே துள்ளுகிறார்கள். போதாததற்கு, அட்ரினலின் கலந்த மரப்பு மருந்து கெடாமல் இருக்க அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுகிறது. அதனால் ஏறும்போது எரிகிறது.

இதில் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. ஊசிக்கு முன்னால் ஈறைத் துடைத்து ஈரம் போக்கி, மரப்பு ஜெல்லை ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் மேல்தோல் மரத்துப் போகும். தடவிய கையோடு குத்தினால் ஜெல் வாய்க்கு ருசிதான், வேலைக்கு இல்லை. மெல்லிய ஊசி இருக்கிறது. எண் கூடக்கூட ஊசி மெலிது, 30 என்பது 27-ஐவிட மெல்லியது. மருந்து சில்லென்று இல்லாமல் உடம்புச் சூட்டில் இருக்கலாம். எல்லாவற்றிலும் பெரியது வேகம். ஒரு மில்லியை ஏற்ற ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பல் மருத்துவப் படிப்பிலேயே சொல்லித் தருவது. என் பேரனுக்குப் பத்து விநாடி.

இன்னொன்றும் சொன்னாள். ஊசி போடும் நேரத்தில் மற்றக் கையால் கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்களாம். முழங்கால் மேசையில் இடித்தால் நாம் ஏன் தேய்க்கிறோம்? தேய்க்கும் உணர்ச்சி வலியின் வழியை மறிக்கிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் இதைத்தான் 'வாயிற்கதவுக் கொள்கை' என்று எழுதினார்கள். நம் பாட்டிமார் குழந்தை விழுந்தால் தேய்த்து ஊதிவிட்டது அதற்கும் முந்தியது.

அவள் எதையும் மந்திரம் போலச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். குழந்தைகள் இந்த ஊசிக்கு இணங்க என்னென்ன உதவும் என்று வந்த ஆய்வுகளை எல்லாம் 2020-இல் காக்ரேன் குழுவினர் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த ஒரு உத்தியும் மற்றதைவிட மேல் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தார்கள். "அதனாலதான் டீச்சர், ஒண்ணை நம்பாம நாலையும் சேர்த்துச் செய்யறோம்" என்றாள்.

அடுத்தது பேச்சு. 1959-இல் அடில்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 'சொல், காட்டு, செய்' என்று ஒரு முறை எழுதிவைத்தார். என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளைக்குப் புரியும் சொல்லில் சொல்வது, கருவியைக் கையில் தொடவிட்டுக் காட்டுவது, சொன்னபடியே செய்வது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் 34 வருஷம் பின்னம் நடத்தியதே இப்படித்தான். ஊசியை மட்டும் கண்ணெதிரே ஆட்ட வேண்டியதில்லை. "பல்லைத் தூங்கவைக்கிற மருந்து, கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், பத்து எண்ணு" என்றால் போதும். "கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்று சொல்லி, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்த வேண்டும். ஒரு தடவை நிறுத்திக் காட்டினால் அதற்கப்புறம் பிள்ளைகள் கையை அவ்வளவாகத் தூக்குவதில்லையாம். வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்பதும் அப்படித்தான், கொடுக்கிற டீச்சரிடம் குறைவாகக் கேட்பார்கள்.

"டீச்சர், ஒரு நாளைக்கு முப்பது பேஷன்ட் பார்க்கிறோம், இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று வேறொரு மாணவன் கேட்டான். அவனும் பல் மருத்துவன்தான். நியாயமான கேள்வி. வாடகை, மெஷினுக்கு வாங்கிய கடன், காத்திருக்கும் கூட்டம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு வாத்தியாரிடம் கணக்கு சொல்லாதே தம்பி. ஜெல்லுக்கு இரண்டு நிமிடம், ஊசிக்கு ஒன்றிரண்டு நிமிடம், பேச்சுக்கு மூன்று நிமிடம். என் பேரனோடு மல்லுக்கட்டியதில் அந்த டாக்டருக்கு முக்கால் மணி நேரம் போனது, வேலையும் முடியவில்லை. எது மிச்சம்? அமெரிக்காவில் அழும் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவது ஒரு காலத்தில் முறையாகவே இருந்தது. அந்நாட்டுக் குழந்தைப் பல் மருத்துவர் சங்கம் 2006-இல் அதைத் தன் வழிகாட்டியிலிருந்தே எடுத்துவிட்டது. நம் ஊரில் எடுக்க எந்த வழிகாட்டியும் வேண்டாம், கையை எடுத்தால் போதும்.

உண்மையிலேயே அவசரமாகப் பிடிக்க வேண்டிய நேரங்கள் இருக்கும், மறுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவே முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சிரிப்பு வாயுவோ, முழு மயக்கமோ தேவைப்படலாம். அது மருத்துவர் முடிவு. என் சண்டை, முதல் நிமிடத்திலேயே "பிடிங்க" என்பதோடுதான்.

உறவுகளே, இனி உங்கள் பக்கம். "சாப்பிடலேன்னா ஊசி போட்டுடுவாங்க" என்று மூன்று வயதிலிருந்து பயமுறுத்தி வளர்த்துவிட்டு, ஏழு வயதில் "ஊசிக்கு ஏண்டா பயப்படுறே" என்றால் அவன் என்ன செய்வான்? நம் வீட்டுப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான், அவ்வளவுதான். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்த அந்த நொடியில் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போகும். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று பக்கத்தில் நின்று புலம்புவதுகூடப் பிள்ளையின் பதற்றத்தைக் கூட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு கதை சொல்லுங்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேளுங்கள்.

மருந்துக்கடையில் அந்த ஜெல்லை வாங்கி வீட்டிலேயே தடவப் பார்க்காதீர்கள். பென்சோகெய்ன் கலந்தவை 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. ஊசிக்குப் பின் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளை வேடிக்கையாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மரப்பு போகும்வரை சாப்பாடு கொடுக்காமல் கூடவே இருங்கள்.

"பால் பல் தானே, விழப்போறது" என்பவர்களுக்கு: கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. சொத்தை சின்னதாக இருக்கும்போதே போனால் பல நேரம் ஊசியே வேண்டாம். சொத்தையை நிறுத்தும் வெள்ளி ஃபுளோரைடு மருந்தைத் தடவிவிடலாம் (அந்த இடம் கறுத்துப்போகும், போகட்டும்). ஸ்காட்லாந்தில் ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்ட முறையில், துளைக்காமல் ஊசி போடாமல் எஃகுத் தொப்பி மாட்டுகிறார்கள். சீழ் வைத்த பிறகு இரண்டும் உதவாது. நாங்கள் தாமதித்தோம். அந்தக் குற்றம் டாக்டருடையது இல்லை, எங்களுடையது.

என் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிக்க ஒருவர் வருவார். மாட்டைச் சாய்த்துக் கட்டுவதற்கு முன்னால் கழுத்தைத் தடவிக்கொடுத்து என்னவோ பேசுவார். சின்ன வயதில் கிட்டப் போய் ஒட்டுக்கேட்டிருக்கிறேன். "பொறு தங்கம், இதோ ஆச்சு" என்பார்.

வருகிற சனிக்கிழமை வேறொரு மருத்துவரிடம் போகிறோம். முதல் தடவை வாயைப் பார்ப்பதோடு சரி, ஊசி கிடையாது என்று அவரே சொல்லிவிட்டார். பேரனிடம் ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தினமும் என் பொய்ப்பல் செட்டை எண்ணிப் பார்த்து, "பாட்டி, வாயை நல்லாத் திற" என்று அதட்டுகிறான். வலித்தால் கையைத் தூக்கலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறான். பெரியப்பா சனிக்கிழமை துணைக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பெரியப்பா, நீங்கள் வீட்டிலேயே இருங்கள், நாங்கள் போய்விட்டு வந்து சொல்கிறோம்.