நான் எழுதுவதை என் தங்கச்சியால் திறக்க முடியவில்லை!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மல்லாங்கிணற்றில் சித்தி வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றும்போதே சித்தி மகள் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நீ வாராவாரம் எழுதுறியே, அதை இதுல தொறந்து காட்டு பாப்போம்."

அவள் மடியில் ஒரு லேப்டாப். அரசுப் பள்ளியில் படித்தபோது அவளுடைய அண்ணனுக்குக் கிடைத்த விலையில்லா லேப்டாப் அது. மூடியின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. பேட்டரி செத்துப்போய் பல வருடம் ஆகிவிட்டதால், கரன்ட் போனால் இதுவும் போய்விடும். உள்ளே விண்டோஸ் 7, இரண்டு ஜிபி ராம். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது இதை விட்டுவிட்டுப் போனான். இப்போது தங்கச்சி இதை வைத்துத்தான் குரூப் 4-க்குப் படிக்கிறாள். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் பகலெல்லாம் சித்தப்பாவோடு வெளியே போய்விடும்.

நானும் திறந்து பார்த்தேன். தலைப்பு வந்தது. படம் பாதி வந்தது. ஒரு விளம்பரம் வந்தது, அதற்கு மேல் இன்னொரு விளம்பரம் வந்தது. பிறகு மவுஸ் அம்பு நகர மறுத்தது. லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது.

"பாத்தியா, நீ எழுதுனதையே தொறக்க முடியல. பாடத்தை எப்படித் தொறக்க?"

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவளுக்கு இது சரியான அடி. எங்கே கோளாறு என்று அன்றைக்கே தேட ஆரம்பித்தேன். தேடிப் போன இடத்தில், நான் பிறப்பதற்கு முன்பே வந்து, நான் இந்த வேலைக்கு வருவதற்குள் வழக்கொழிந்துபோன ஒரு பழைய வித்தை கிடைத்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

லேப்டாப் செத்துவிட்டதா?

இல்லை. அது அன்றைக்கு என்ன வேலை செய்ததோ, அதை இன்றைக்கும் செய்கிறது. மாறியது வெளியுலகம்தான்.

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்போது விண்டோஸ் 7 புத்தம்புதுசு. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109. அது வந்தது 2023 ஜனவரியில். அதற்குப் பிறகு வந்த குரோம் எதுவும் இந்த லேப்டாப்புக்குள் நுழையாது.

சில தளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று பயமுறுத்தி உள்ளேயே விடாது. ஒவ்வொரு தளமும் 'நான் அசல்தான்' என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ்கள் நம் கம்ப்யூட்டரில் இருக்கும். அவற்றுக்கும் காலாவதி தேதி உண்டு. அப்படிப் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானபோது, அப்டேட் ஆகாத பழைய கருவிகள் பலவற்றில் நல்ல தளங்கள்கூடத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்னை எடை. இன்றைக்குச் சராசரியான ஓர் இணையப் பக்கம் இரண்டு எம்பியைத் தாண்டிவிட்டது. அதில் நாம் படிக்கிற எழுத்து கொஞ்சூண்டுதான். மீதியெல்லாம் படம், வீடியோ, விளம்பரம், நாம் எங்கே தொடுகிறோம் என்று வேவு பார்க்கும் நிரல்கள். ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனியாக ராம் வேண்டும். நாலு டேப் திறந்தால் சித்தி வீட்டு லேப்டாப்புக்கு மூச்சு முட்டும்.

ஒரு திரை, இரண்டு கட்டம்

1990-களின் நடுவில் இதைவிட மோசமான நிலைமை. டெலிபோன் லைனில் மோடம் போட்டுத்தான் இன்டர்நெட். 28.8 கேபிபிஎஸ் மோடம் என்றால் ஒரு நொடிக்கு 3.6 கேபி. 36 கேபி உள்ள ஒரு சின்னப் படம் வரவே பத்து நொடி. இன்றைய இரண்டு எம்பி பக்கத்தை அந்த லைனில் கொண்டுவர ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இந்த நெருக்கடியில் கைகொடுத்த வழிகளில் ஒன்று ஃப்ரேம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 என்ற பிரவுசரோடு 1996 வாக்கில் இது பரவியது. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

விஷயம் ரொம்ப எளிது. மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விலைப்பலகை சுவரில் மாட்டியபடியே இருக்கும். முன்னால் மேஜையில் சாமான் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். துவரம்பருப்பு கேட்டதும் பலகையைக் கழற்றி மறுபடி மாட்ட மாட்டார்கள் இல்லையா? ஃப்ரேமும் அதேதான். திரையை இரண்டாகப் பிரித்து இடது கட்டத்தில் பொருளடக்கம், வலது கட்டத்தில் பாடம். இடது பக்கம் 'மூன்றாம் பாடம்' என்று தொட்டால் வலது கட்டம் மட்டும் மாறும். பொருளடக்கமும் தலைப்புப் படமும் மறுபடி லைனில் வரவேண்டியதில்லை. நேரம் மிச்சம், டெலிபோன் பில் மிச்சம்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் இணையவழித் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கான அறிவிப்பு வந்தது. கல்வியாளர் வா.செ.குழந்தைசாமியின் வழிகாட்டுதலில் அது உருவாகி, 2001 பிப்ரவரி 17-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. இன்றைய பெயர், தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் பழைய மின்நூலகப் பக்கங்கள் இந்த ஃப்ரேம் முறையில்தான் இருந்தன. ஒரு கட்டத்தில் பட்டியல், இன்னொரு கட்டத்தில் நூல். புத்தகம் கிடைக்காத வெளிநாட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களும், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் படித்தவர்களும் சங்க இலக்கியத்துக்குள் நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று.

அப்புறம் ஏன் ஒழிந்தது?

குறைகளும் இருந்தன. இணைய வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1996 டிசம்பரிலேயே, பெரும்பாலான நேரங்களில் ஃப்ரேம் வேண்டாம் என்று கடுமையாக எழுதினார்.

முதல் குறை, முகவரி. உள்ளே நூறு பக்கம் புரட்டினாலும் மேலே முகவரிப் பெட்டியில் ஒரே முகவரிதான் நிற்கும். 'இந்தப் பாட்டைப் படி' என்று நண்பருக்கு முகவரி அனுப்பினால், அவருக்கு முகப்புப் பக்கம்தான் திறக்கும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். தேடுபொறி வழியாக வருகிறவர் நேராக வலது கட்டத்துப் பக்கத்தில் வந்து விழுவார். பொருளடக்கம் இருக்காது. கடலை மடித்துக் கொடுத்த தாளை விரித்துப் படித்திருக்கிறீர்களா? கதை நன்றாகத்தான் இருக்கும். என்ன புத்தகம், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எதுவும் தெரியாது. அதே கதிதான்.

மூன்றாவது, செல்போன். ஆறு அங்குலத் திரையை இரண்டாகப் பிரித்தால் இரண்டிலுமே படிக்க முடியாது. 2014-ல் எச்டிஎம்எல் 5 நிலையான தரமாக வந்தபோது ஃப்ரேம்செட்டுக்கு அதில் இடம் இல்லை. அதன் தம்பியான 'ஐஃப்ரேம்' மட்டும் பிழைத்துக்கொண்டது. செய்திக்கு நடுவே யூடியூப் வீடியோ வருகிறதே, பெரும்பாலும் அந்தத் தம்பியின் வேலைதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசை மட்டும் சாகவில்லை. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி சேர்ந்தது. மேலே வீடியோ, கீழே வாட்ஸ்அப் என்று இன்றைக்கு நீங்கள் வைத்துக்கொள்வது அதுதான்.

சித்தி வீட்டில் செய்தது

புதுத் தளங்களில் ஃப்ரேம் இல்லை. ஆனால், இன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும்கூட பழைய ஃப்ரேம் பக்கத்தைக் கொடுத்தால் திறக்கின்றன. அந்த விண்டோஸ் 7 லேப்டாப்பில் சொல்லவே வேண்டாம். 'அப்போ நாமே ஒண்ணு செஞ்சா என்ன?' என்று உட்கார்ந்தோம்.

முதலில் நேரடி இணையதளங்களையே இரண்டு கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். பல தளங்கள் வரவில்லை, கட்டம் காலியாகவே நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு தளத்தைத் தன் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து, நம்மை அறியாமலே நம்மைத் தொடவைக்கும் மோசடி ஒன்று உண்டு. 2008-ல் அதற்குக் 'கிளிக்ஜாக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து தப்பிக்க, 'என்னை யார் கட்டத்துக்குள்ளும் காட்டாதே' என்று தளங்கள் பிரவுசருக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. நம் நல்லதுக்குத்தான்.

ஆகவே, நெட் வேண்டாம், நம் லேப்டாப்பில் இருக்கும் ஃபைல்களே போதும் என்று முடிவெடுத்தோம். செய்தது இதுதான்.

முதலில் என் போனில் நெட் எடுத்து, பள்ளிப் பாடநூல்களின் பிடிஎஃப்களையும் அவள் குறிப்புகளையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்தோம். பெரிய பிடிஎஃப் திணறுவதால் பாடம் பாடமாகப் பிரித்துக்கொண்டோம். பிறகு நோட்பேடில் இரண்டு சின்ன ஃபைல்கள். ஒன்று பட்டியல்: எல்லாப் பாடங்களின் பெயரும் லிங்க்காக. இன்னொன்று திரையைப் பிரிக்கும் ஃபைல்: இடது கட்டத்துக்குக் கால்வாசி, வலது கட்டத்துக்கு முக்கால்வாசி. வலது கட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, 'இந்த லிங்க்கையெல்லாம் அந்தப் பெயருள்ள கட்டத்தில் திற' என்று பட்டியலில் எழுதிவிட்டோம். இரண்டையும் எச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்தோம். மொத்தம் முப்பது நாற்பது வரிதான். எச்டிஎம்எல் படித்த பிளஸ் ஒன் பிள்ளை யாராவது உங்கள் தெருவில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் செய்துகொடுத்துவிடும். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் இருக்கிறது.

ஐகானைத் தட்டினாள். இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் பொதுத்தமிழ். இலக்கணத்தைத் தொட்டாள், வலது கட்டம் மட்டும் மாறியது. வரலாற்றைத் தொட்டாள், மாறியது. ஒரே டேப். நெட் இல்லை, விளம்பரம் இல்லை. விசிறிச் சத்தம்கூட அடங்கிவிட்டது.

"ஏக்கா, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்குமே" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை

பழைய லேப்டாப்பில் படியுங்கள், எழுதுங்கள், சினிமா பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் பேங்க் வேலையோ பணம் கட்டும் வேலையோ மட்டும் வேண்டாம். ஹால் டிக்கெட் எடுப்பது, விண்ணப்பம் போடுவது போன்றவற்றை அப்டேட் ஆகும் போனிலோ, நம்பிக்கையான இ-சேவை மையத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது எங்களைப் போன்றவர்களுக்கு. நாங்கள் ஆபீஸில் புது லேப்டாப்பில், நல்ல வைஃபையில் உட்கார்ந்து பக்கம் தயாரிக்கிறோம். 'எல்லாம் சரியா வருது' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். கரிசல்காட்டு ஊரில் செத்த பேட்டரியோடு ஒரு பெண் அதைத் திறக்கப் பார்க்கிறாள் என்பது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. ஊரிலிருந்து திரும்பியதும் எங்கள் டெக் டீமிடம், 'எழுத்து மட்டும் வர்ற மாதிரி ஒரு பக்கம் வைக்க முடியுமா?' என்று கேட்டிருக்கிறேன். 'பாக்கலாம்' என்றிருக்கிறார்கள். வாராவாரம் கேட்பதாக இருக்கிறேன்.

அதுவரைக்கும் தங்கச்சியே ஒரு வழி செய்துகொண்டாள். போன வாரம் போனில் பேசும்போது சொன்னாள். சித்தப்பா ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவர் போனில் என் பத்தியைத் திறந்து, எழுத்தை மட்டும் காப்பி செய்து லேப்டாப்பில் போட்டுக்கொள்கிறாளாம். இடது கட்டத்துப் பட்டியலில் தமிழ், வரலாறு, புவியியல், கணக்கு எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு லிங்க் சேர்த்திருக்கிறாள். அதன் பெயர், 'அக்கா'.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய லேப்டாப் தூங்குகிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அது இன்னும் நாலு வருடம் உழைக்கும்.