நீலக் கண்கள்



வேலைக்காகவும் வீட்டிற்காகவும் ஜெபித்து, பதில் காணாமல் சோர்ந்திருக்கிறீர்களா? 1895-ஆம் ஆண்டு ஊழியத்திற்கென்று நம்முடைய பெங்களூருக்கு வந்து சேர்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

வட அயர்லாந்தில் சிறு பிள்ளையாயிருந்தபோது, தன் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி ஓர் இரவு அவர் தேவனிடம் கேட்டார். விடிந்ததும் கண்ணாடியண்டைக்கு ஓடினார். கண்கள் பழுப்பாகவே இருந்தன! "இல்லை" என்பதும் ஒரு பதிலே என்று அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டது.

பின்பு திருநெல்வேலிச் சீமைக்குச் சென்ற அம்மையார், 1901 முதல் டோனாவூரில், கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட பெண்பிள்ளைகளை மீட்டு வளர்த்தார். சேலையுடுத்தி, காப்பியினால் சருமத்தைக் கருமையாக்கி, அவர்களைக் குறித்து விசாரிக்கச் சென்றதாகச் சொல்லுவார்கள். நீலக் கண்கள் இருந்திருந்தால் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதைக் கேட்டு நாம் மகிழுகிறோம். ஆனால் அந்தக் காரணம் விளங்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை காரணம் அறியாமலே அவர் முழங்காற்படியிட்டார். விசுவாசம் வேரூன்றியது அந்த ஆண்டுகளிலேதான் என்று எண்ணுகிறேன்.

1931-இல் அவர் தவறி விழுந்தார். 1951-இல் மரிக்குமட்டும் பெரும்பாலும் படுக்கையறையே அவருக்கு உலகமாயிற்று. அத்தனை பேர் ஜெபித்தும் பூரண சுகம் வரவில்லை. நீலக் கண்களுக்குக் கிடைத்ததுபோல இதற்கு ஒரு விளக்கமும் நம்மிடத்தில் இல்லை. அந்தக் கட்டிலிலிருந்தே அவர் புத்தகங்களை எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டேயிருந்தார்.